பலகை சோறு போடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பாதியிலேயே 'அருமை சார்' என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள், இந்த ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 1990-களின் நடுவில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். இப்போது நம்ம சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, ஷிப்ட் வேலை. அவருக்குப் பின்னால் மகன் தலையைக் குனிந்து நின்றான். பதினாறு வயது, ப்ளஸ் ஒன். கக்கத்தில் நாலு சக்கரம் வைத்த ஒரு பலகை. இரண்டு பேர் பெயரும் இங்கே வேண்டாம்.

"சார், இவன் படிப்ப நிப்பாட்டப் போறானாம். மெட்ராஸ்ல போயி இத ஓட்டிப் பொழச்சிக்கிடுவானாம். அங்க ஒரு கூட்டாளி இருக்கானாம். நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்கான். நீங்க சொல்லுங்க."

"நான் என்ன சொல்லணும்?" என்றேன்.

"எனக்கு அன்னைக்குச் சொன்னியள்லா சார், அதயே இவன்ட்டயும் சொல்லுங்க."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். ஆனால் எனக்கு டம்ளரில் இருந்த காபி அதற்குப் பிறகு இறங்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இவர் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவர். நல்ல ரெய்டர். மெலிந்த உடம்பு, ஆனால் கோட்டைத் தொட்டுத் திரும்புகிற வேகம் பார்க்கிறவர்களை எழுந்து நிற்க வைக்கும். வெளியூரில் இருந்து வந்த ஒரு பயிற்சியாளர், பையனைத் தன்னோடு அனுப்புங்கள், தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கிறேன் என்றார். அவன் அம்மா என்னிடம் வந்து கேட்டார்கள். நான் வகுப்பாசிரியர். "கபடி சோறு போடுமா? முதல்ல பத்தாவது பாஸ் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் ஐடிஐ சேரட்டும்" என்றேன். அவ்வளவுதான். பையன் கேட்டுக்கொண்டான். பாஸ் செய்தான், ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்தான், இரண்டு மூன்று ஊர் சுற்றி வேலை பார்த்தான், கல்யாணம் செய்தான், ஊரோடு வந்துவிட்டான். கெட்டுப் போகவில்லை. பெரிதாக வரவும் இல்லை.

நான் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன், அன்றைக்குக் கணக்கே பார்க்காமல் பதில் சொன்னேன். 2025 தீபாவளி சமயம் 'பைசன் காளமாடன்' படம் வந்தபோது நம்ம ஜில்லா முழுக்க அதே பேச்சு. ஆழ்வார்திருநகரி பக்கத்து மணத்தி கிராமத்தில் இருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடிய கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய படம். பேத்தியோடு போயிருந்தேன். இடைவேளையில் எல்லாரும் வெளியே போனார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு இந்த மாணவர் ஞாபகம்தான்.

அதனால் இந்தத் தடவை உடனே வாயைத் திறக்கவில்லை. "எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க. நான் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். பையன் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

மறுநாள் சாயங்காலம் அவன் ஓட்டுகிற இடத்துக்குப் போனேன். நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம். நம்ம ஊரில் இந்தப் பலகை ஓடக்கூடிய இடமே இரண்டுதான் என்று அவன் விளக்கினான். ஒன்று இந்தக் களம், இன்னொன்று நாலுவழிச் சாலையின் சர்வீஸ் ரோடு. தெருவில் ஏன் ஓடாது என்றால், சக்கரம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒரு சின்ன ஜல்லிக்கல் போதும், சக்கரம் அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் போய்க்கொண்டே இருப்பான். நியூட்டனின் முதல் விதி. சர்வீஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி திரும்புகிற இடத்தில் இவன் ராத்திரி ஓட்டியிருக்கிறான் என்று கேட்டதும் எனக்குக் கால் நடுங்கியது.

பலகையைக் கையால் தொடாமல் அதோடு சேர்ந்து குதிக்கிறார்கள். அதற்கு ஆலி என்று பெயராம். ஒட்டிவைத்த மாதிரி பலகை காலோடு மேலே வருகிறது. எப்படி என்று கேட்டேன். பின்காலால் வாலைத் தரையில் அடிக்க வேண்டும், முன்பக்கம் எழும்பும், அந்தக் கணத்தில் முன்காலை மேல்நோக்கி இழுத்தால் பின்பக்கமும் சமமாகும் என்றான். நெம்புகோல் தத்துவத்தைப் புத்தகத்தில் இருந்து இவ்வளவு தெளிவாகச் சொன்ன மாணவனை நான் அதிகம் பார்த்ததில்லை. பிறகு பலகையை அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு அதன்மேல் இறங்குகிற வித்தையைப் பழகினான். பழைய பழக்கம், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று தடவை முயன்றான். நான்கு தடவை நின்றான். முழங்கையில் தோல் போயிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஓடினான்.

நண்பர்களே, ஒரு கணக்கை நாற்பத்து மூன்று தடவை போட்டுப் பார்த்த பையன் என் வகுப்பில் ஒருவனும் கிடையாது. இதை 'வெட்டி வேலை' என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. அதே சமயம், உழைப்பு இருந்தால் சம்பளம் வந்துவிடும் என்று சொல்லவும் முடியாது. நம்ம பெண்கள் பீடி சுற்றுகிற உழைப்புக்கு எவ்வளவு கூலி என்று நமக்குத் தெரியாதா?

ஆகவே கணக்குக்கு வருவோம். பேரன் உதவியோடு ஒரு வாரம் தேடிப் படித்தேன். பிறகு பையனை உட்கார வைத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத வைத்தேன். தலைப்பு: 'யார், யாருக்கு, எதற்காகப் பணம் தருகிறார்?' எந்தப் பிழைப்புக்கும் இந்த ஒரு கேள்விதான். பதில் இருந்தால் அது தொழில். இல்லாவிட்டால் அது ஆசை. ஆசை கெட்டது இல்லை, ஆனால் மளிகைக் கடையில் எடுபடாது.

முதலில் உலகத்தை எடுத்துக்கொண்டோம். ஸ்கேட்போர்டு என்றாலே டோனி ஹாக்தான். அமெரிக்கர். 1982-ல் பதினாலு வயதில் தொழில்முறை வீரர் ஆனார். அவர் பெயர் போட்ட பலகை விற்றால் பலகைக்கு இவ்வளவு என்று பங்கு. முதல் காசோலை எவ்வளவு தெரியுமா? 85 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை. பிறகு காற்று அடித்தது, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் சொந்த வீடே வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் பாடம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த மோகம் இறங்கியது. பலகை விற்கவில்லை. உலகத்திலேயே முதல் இடத்தில் இருந்த அந்த மனிதர் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஐந்து டாலர் என்று அளந்து செலவழித்தார். வீடியோ எடிட்டிங் செய்து குடும்பம் நடத்தினார். 1992-ல் சொந்தமாகப் பலகைக் கம்பெனி தொடங்கியும் சில வருஷம் திண்டாட்டம்தான். 1999-ல் அந்தரத்தில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கிய சாதனையும் அவர் பெயரில் வந்த வீடியோ கேமும்தான் அவரைப் பெரும் பணக்காரர் ஆக்கின.

"இதுல ஓட்டினதுக்கு எவ்வளவு வந்துச்சி, விளையாட்டுப் பொம்ம விக்கதுக்கு எவ்வளவு வந்துச்சி?" என்று கேட்டேன். பையன் யோசித்துவிட்டு, "ஓட்டுனது வெளம்பரம் சார், யாவாரம் வேற" என்றான். நோட்டில் அதையே எழுதச் சொன்னேன்.

அடுத்து ஒலிம்பிக். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதல் முதலாக வந்தது. பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு, வயது 13. வெள்ளி பிரேசிலின் ரைசா லியாலுக்கு, அவருக்கும் 13. வெண்கலம் வாங்கிய ஃபூனா நாகயாமாவுக்கு 16. மூன்று பேர் வயதையும் கூட்டினால் 42. 2024 பாரிஸிலும் பெண்கள் பிரிவுகள் இரண்டிலும் தங்கம் வாங்கியவர்களுக்கு 14 வயதுதான். "அவுகள்லாம் நடக்கப் படிச்சதும் பலகைல ஏறினவுக. நீ ஏறி எத்தன வருசம்?" என்றேன். "ரெண்டு." ஆண்களில் டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் ஸ்ட்ரீட் தங்கம் வாங்கிய யூட்டோ ஹோரிகோமே பெரிய ஆள்தானே என்று அவன் மடக்கினான். உண்மை, பாரிஸில் அவருக்கு 25. பிரிட்டனுக்காக அங்கே ஓட்டிய ஆண்டி மெக்டொனால்டுக்கு 51 வயது. வயது வாசலை முழுசாக மூடவில்லை. ஆனால் இவர்கள் எல்லாரும் சின்ன வயசிலேயே சரியான தளத்தில் ஓட்டியவர்கள், நெற்களத்தில் இல்லை.

ஒலிம்பிக் பதக்கம் வாங்கினால் தமிழ்நாடு அரசு தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி தருகிறது. ஆனால் அது பந்தயத்தின் கடைசிக் கோட்டில் தருகிற பணம். அந்தக் கோடு வரைக்கும் ஓடுகிறவனுக்கு யார் சோறு போடுவது? அங்கேதான் ஏழை வீட்டுப் பிள்ளை நிற்கிறான்.

இந்தியாவுக்கு வந்தோம். 2022-ல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டில் ஸ்கேட்போர்டிங்குக்கும் பதக்கம் கொடுத்தார்கள். நம்ம மாநிலத்தில் மாமல்லபுரம் கமலி மூர்த்தியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மீனவக் குடும்பத்துச் சிறுமி. வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு சரிவில் பலகை ஓட்டிய அவர் படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்தார். அவரைப் பற்றி எடுத்த 'கமலி' என்ற ஆவணப்படம் 2020-ல் பாஃப்டா விருதின் கடைசிச் சுற்று வரை போனது. அந்தப் பரிசை வாங்கியதும் இன்னொரு ஸ்கேட்போர்டு படம்தான், காபூல் சிறுமிகள் பலகை பழகுகிற கதை. உலகமே பார்த்த அந்தக் கமலி இன்றைக்கு எதில் பட்டம் வாங்குகிறார்? கடல் அலையில் பலகை ஓட்டுகிற சர்ஃபிங்கில்.

ஏன் அலைக்குப் போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் கடற்கரையின் கணக்கு எனக்குப் புரிகிறது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் சர்ஃபிங் பள்ளியே நடத்துகிறார். சென்னையில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் வருகிறவர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். நம்ம கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது: சுற்றுலாப் பயணி, மீனவ இளைஞனுக்கு, கற்றுக்கொடுப்பதற்காகத் தருகிறார். கடலும் கூட்டமும் இருப்பதால் அது தொழில். கங்கைகொண்டானில் யார் காசு கொடுத்துப் பலகை பழக வருவார்? சரணாலயத்துப் புள்ளிமானா?

பையன் சிரித்துவிட்டான். சிரித்தபிறகு முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது கபடிக்கு வருகிறேன், ஏனென்றால் என் பழைய கடன் அங்கேதான் இருக்கிறது. கபடி சோறு போடுமா என்று நான் கேட்ட அந்த நாளில் புரோ கபடி கிடையாது. டிவி கிடையாது. ஆனாலும் கபடி சிலருக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தது. எப்படி? ரயில்வேயில் அணி இருந்தது. மின்வாரியத்தில், போலீஸில், வங்கிகளில் அணி இருந்தது. நல்லா ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். காலையில் ஆட்டம், பகலில் வேலை, மாதம் ஒன்றாம் தேதி சம்பளம், வயசானால் பென்ஷன். முழங்கால் போனாலும் நாற்காலி இருந்தது. 1990 பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. 2014-ல்தான் புரோ கபடி வந்தது. முதல் ஏலத்தில் அதிக விலை போன ராகேஷ் குமாருக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். 2023-ல் பவன் செராவத்துக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல். நம்ம கண்ணுக்கு இந்தக் கோடிதான் தெரிகிறது. அந்தக் கோடிக்கு முன்னால் பல வருஷம் கபடியைச் சாகாமல் வைத்திருந்தது அந்த ஒன்றாம் தேதிச் சம்பளம்.

பக்கத்துக் கோவில்பட்டி ஹாக்கியும் அப்படியே. அங்கே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது. கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரில் இருந்து வந்து அங்கே பயின்ற கார்த்தி செல்வமும் இந்திய அணிக்கே ஆடினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஆர்வம் மட்டும் போதவில்லை. தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, தரை, பயிற்சியாளர் எல்லாம் வேறு ஒருவர் செலவில் கிடைத்தன.

ஸ்கேட்போர்டுக்கு அப்படி ஓர் ஏணி நம்ம பக்கம் இன்றைக்கு இல்லை. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அதற்குள் நுழைய அங்கீகரித்த போட்டியில் பதக்கம் வேண்டும், அந்தப் போட்டிக்குப் போக மாவட்ட அணி வேண்டும், அணிக்குத் தளம் வேண்டும். முதல் படியே இல்லாத ஏணி.

செலவுப் பக்கமும் எழுதினோம். பலகை அவன் அத்தை மகன் வாங்கிக் கொடுத்தது, நாலாயிரத்துச் சொச்சம். கீறிப்போனால் மரம் மட்டும் மாற்ற வேண்டும். ஷூ மூன்று மாதம் தாங்காது, உரசியே தேய்ந்துவிடும். இதையெல்லாம்விடப் பெரிய செலவை அவன் எழுதவே இல்லை. "விழுந்து கை ஒடிஞ்சா?" என்று கேட்டேன். "கட்டுப் போட்டுக்கிடலாம் சார்." "எந்தக் காசுல?" அவன் அப்பா ஒப்பந்தத் தொழிலாளிதான், ஆனாலும் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரி உண்டு. சென்னையில் கூட்டாளி ரூமில் தங்கிப் பலகை ஓட்டுகிறவனுக்கு ஈஎஸ்ஐ யார் பிடிப்பார்? வசதியான வீட்டுப் பையன் இரண்டு வருஷம் முயன்று தோற்றால் மறுபடி காலேஜில் சேர்ந்துகொள்வான். இவன் தோற்றால் அந்த இரண்டு வருஷத்தை அவன் அப்பா ஓவர்டைம் பார்த்து அடைக்க வேண்டும். ஒரே விளையாட்டுதான், தோற்றால் கட்டுகிற அபராதம் இரண்டு வீட்டிலும் ஒன்றில்லை. 'கனவைத் துரத்து' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த அபராதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஆக, என் முடிவு. ஸ்கேட்போர்டு ஓட்டி மட்டுமே குடும்பம் நடத்துவது இன்றைய தேதியில் நம்ம ஊர்ப் பையனுக்கு நடக்கிற காரியம் இல்லை. மழுப்பாமல் அவனிடமே சொன்னேன்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் 1990-களின் வாத்தியார் ஆகிவிடுவேன். அடுத்த பக்கத்தையும் பார்த்தோம். பலகையைச் சுற்றிப் பிழைக்கிறவர்கள் யார்? தளம் கட்டுகிறவர்கள். சரிவையும் வளைவையும் கான்கிரீட்டில் இழைத்து எடுப்பது தனி வேலை, பெங்களூருவில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். கற்றுக்கொடுக்கிறவர்கள், பெருநகரங்களில் உண்டு. படம் பிடிக்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள். இவர்கள் எல்லாருக்கும் ஓட்டத் தெரியும், கூடவே இன்னொன்றும் தெரியும். வெல்டிங், கட்டுமானம், கேமரா, கணக்கு, ஆங்கிலம், ஏதோ ஒன்று. அந்த இன்னொன்றுதான் வாடகை கட்டுகிறது. டோனி ஹாக்குக்கே எடிட்டிங் கைகொடுத்ததை மறக்க வேண்டாம்.

மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி 2015-ல் அங்கே ஒரு ஸ்கேட்போர்டு தளம் கட்டினார். இரண்டே விதி. பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பலகை கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு முதல் உரிமை. அந்தக் கிராமத்து ஆஷா கோண்ட் என்ற பழங்குடிப் பெண் 2018-ல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டிக்கே போனார். ஒரு வாத்தியாராக எனக்கு அந்த முதல் விதி ரொம்பப் பிடித்தது. நாம் பலகையைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுகிறோம். அங்கே பலகையைக் காட்டிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தோம். ப்ளஸ் டூ முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வெல்டரோ சிவிலோ, ஐடிஐ அல்லது பாலிடெக்னிக். சர்வீஸ் ரோட்டுப் பக்கம் பலகையோடு போகவே கூடாது, தலைக்கவசம் இல்லாமல் ஏறவும் கூடாது. அந்த நோட்டில் மாதா மாதம் பலகைக்கு ஆன செலவும் பலகையால் வந்த வரவும் எழுத வேண்டும். இருபது வயதில் அந்த நோட்டைப் பார்த்து அவனே முடிவு செய்யட்டும், அதுவரை யாரும் 'என்னல பலகை, பலகை' என்று ஏசக் கூடாது.

பையன் ஒரு நிபந்தனை போட்டான். "பரீச்ச சமயத்துல போர்ட வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது சார். ஒரு மணி நேரம் ஓட்டுனாதான் எனக்கு மண்டைல ஏறும்." அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சரிடே" என்றார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நீங்க அன்னைக்கு எனக்குச் சொன்னதுல தப்பில்ல சார். எங்க வீட்டு நெலம அப்பிடி. ஆனா இப்பிடி ஒரு நோட்டுப் போட்டுக் குடுத்திருக்கலாம்." நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல?

இனி உங்களுக்கு. இந்தப் பையன் ஒருவனோடு முடிகிற விஷயம் இல்லை. அவனைப் பார்த்து இப்போது தெருவில் நாலைந்து பொடிசுகள் பழைய பலகையில் தள்ளுவண்டிச் சக்கரம் மாட்டித் திரிகின்றன. பிசானம் அறுவடைக்குக் களம் வேண்டும், அதில் கீறல் விழுந்தால் விவசாயிகள் சத்தம் போடத்தான் செய்வார்கள், நியாயம்தான். அப்போது இவர்கள் எங்கே போவார்கள்? லாரி ஓடுகிற சர்வீஸ் ரோட்டுக்கு. அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

நான் கேட்பது ஸ்டேடியம் இல்லை. நூறடிக்கு அறுபதடி வழவழப்பான கான்கிரீட் தரை, ஓரத்தில் இரண்டு சரிவு, ஒரு விளக்குக் கம்பம். சின்னப் பிள்ளைகளின் சாதா ஸ்கேட்டிங்குக்கும் ஆகும், பெண்பிள்ளைகள் இறகுப்பந்து ஆடவும் ஆகும். நல்ல லாபத்தில் ஓடுகிற கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவுப் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஸ்கேட்போர்டிங் ஒலிம்பிக் விளையாட்டு. நம்ம சுற்றுவட்டாரத்தில் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். ஊராட்சியில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருக்கிற என் மாணவர்கள், யாரிடம் எப்படிக் கேட்பது என்று உள்பெட்டியில் சொல்லுங்கள்.

தளம் வந்தால் இவன் ஒலிம்பிக் போவான் என்று நான் சொல்லவில்லை. அனேகமாகப் போக மாட்டான். வெல்டராகி, சாயங்காலம் அந்தத் தரையில் பொடிசுகளுக்கு ஆலி கற்றுக்கொடுப்பான். எனக்கு அது போதும். அந்தப் பொடிசுகளில் ஒன்றுக்கு இப்போது ஆறு வயது. அவளுக்கு ஏணியின் முதல் படியாவது இருக்கும்.

நேற்று சாயங்காலம் களத்துப் பக்கம் போனேன். பையன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். முதல் மாதக் கணக்கு. செலவு: சக்கரத்துக்குப் பேரிங், 240 ரூபாய். வரவு: பக்கத்துத் தெருப் பையனின் பலகையை ரிப்பேர் பார்த்துக் கொடுத்ததற்கு, 50 ரூபாய்.

நஷ்டம் 190 என்று அவனே கீழே எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன்.

- ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கங்கைகொண்டான்